கடல் முள்ளெலிக்குப் பால் வடித்த கதை

தன் தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன், அடுத்தவர் தொழிலுக்குள் நுழையும்போது வாசலில் நின்று குரல் கொடுக்கமாட்டான். நேராக உள்ளே போய், விளக்கைப் போட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிடுவான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. (புத்தகத்தில் படித்ததென்று என்னிடம் எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது.) அப்படிப் போய் உட்கார்ந்தவன் நான்தான் என்பதால் தெரியும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் பொள்ளாச்சிக்கு மேற்கே எங்கள் முதலமடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாந்தோப்பில் காவலுக்குப் படுத்துக் கிடந்தவன். பிறகு காய் பறிப்பவன். பிறகு தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன். இன்றைக்குச் சொந்தத் தோப்பு, சொந்தக் கொட்டகை, வாசலில் என் பெயர் எழுதிய வண்டிகள். மற்ற ஊர் மாமரங்கள் பூவோடு நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஊர்க் காய் டெல்லிக்கு லாரி ஏறிவிடும். அங்கே என் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு காயிலும் கருப்புப் பொட்டு இருக்காது.

அதற்குக் காரணம் பால். மாங்காயின் காம்பை ஒடித்தவுடன் பால் பீறிட்டு வரும். தோலில் பட்ட இடம் வெந்து கருகிவிடும். அதனால் ஒடித்த கையோடு காயைக் கம்பித்தட்டில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பாலை வடியவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் சரக்கு போச்சு. எங்கள் சுற்றுவட்டாரத்தில் இதை என்னளவுக்கு வேகமாகச் செய்பவர் இல்லை. இது பெருமையல்ல, தகவல்.

இனிப் பெருமைக்கு வருகிறேன். என் மகள் கலைவாணி கடல் விஞ்ஞானி.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் உள்ள ஒரே சம்பந்தம் கடையில் வாங்கும் உப்பு. மேற்கே பெய்கிற மழையே மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வரச் சோம்பல்படும்; கடல் எங்கே வரப்போகிறது? கல்லூரியில் படிக்கும்போது கலைவாணி கடற்கரைக்குச் சுற்றுலா போனாள். மற்ற பிள்ளைகள் அலையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவள் பாறை இடுக்குகளில் குனிந்து கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்கு வந்ததும் கடல் உயிர்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

"கடலப் படிச்சு என்ன கண்ணு பண்றது?" என்று கேட்டேன்.

"மாங்கா வெளிய எப்படி இருக்கோணும்னு நீங்க பாக்கறீங்க. ஒரு உசுருக்கு உள்ள என்ன நடக்குதுன்னு நான் பாக்கறனுங்கப்பா" என்றாள்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. (எனக்குப் பதில் தோன்றாத சமயங்களில் சம்மதம் என்று வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.)

அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கடல் முள்ளெலி. எலி அல்ல. முள்ளங்கி அளவும் அல்ல. நல்ல செந்தூர மாங்காய் அளவில் உருண்டையாக, உடம்பு முழுக்க முள்ளாக, கண்ணும் தலையும் இல்லாமல் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சீவன். அதன் முட்டை கண்ணாடி போல இருக்குமாம். ஒரு முட்டை இரண்டாக, இரண்டு நாலாகப் பிரிவதை மைக்ராஸ்கோப்பில் நேருக்கு நேர் பார்க்கலாமாம். உலகத்தில் உயிர் எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்க்க விஞ்ஞானிகள் அதைத்தான் தேடிப் போவார்களாம். இன்னொரு பக்கம் மீன் ஆராய்ச்சி. துடுப்பில் துளியூண்டு நறுக்கி எடுத்து, அதிலுள்ள செல்களை மட்டும் புட்டியில் போட்டு வளர்ப்பாள். ஆற்றுத் தண்ணீரில் விஷம் இருக்கிறதா என்று அந்தச் செல்லிடமே கேட்டுவிடலாம். மீனைக் கொல்ல வேண்டியதில்லை.

"என்ற புள்ள மீனே இல்லாம மீன் வளக்கறா!" என்று டீக்கடையில் சொன்னேன்.

"குழம்புக்கு ஆகுமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் டீ குடிப்பதில்லை.

கலைவாணியின் டாக்டர் பட்டத்துக்குக் கடைசியாக ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. அதற்கு உயிருள்ள முள்ளெலிகளும் அவற்றின் முட்டையும் வேண்டும். அவை முட்டை விடுவதும் எங்கள் மாங்காய் போலத்தான், சீசன் உண்டு. அந்த வருஷம் சீசன் முடியும் தறுவாய். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். ஆனால் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த கொச்சி டீச்சர் அந்தக் கோடையிலேயே ரிட்டயர் ஆகிறார். (கொச்சியில் எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும் டீச்சர்தான்.) அவர் போய்விட்டால் அத்தனை வருஷத்து உழைப்பும் ஆளில்லாத தோப்பு மாதிரி நின்றுவிடும். ஆகவே கலைவாணி ராமேஸ்வரம் பக்கம் போய், மீனவர்களோடு படகில் ஏறி, முள்ளெலிகளைத் தெர்மாகோல் பெட்டிகளில் கடல்தண்ணீரோடு எடுத்துக்கொண்டு காரில் கொச்சிக்குப் புறப்பட்டாள். மூணாறு வழியில் வந்தால் வளைவுகளில் தண்ணீர் தளும்பும் என்று பழனி, பொள்ளாச்சி வழியாகச் சமவெளியில் வந்தாள்.

பொள்ளாச்சி தாண்டியதும் கார் நின்றுவிட்டது.

எனக்குப் போன் வந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ போன் வந்திருக்கிறது. "அப்பா, உங்க வண்டி வேணுமுங்க" என்று ஒரு விஞ்ஞானி கேட்டது அதுதான் முதல் தடவை. டிரைவரை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பிக்கப் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, வெள்ளை வேட்டி மாற்றி, நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

"மெதுவாப் போங்கப்பா, குலுங்கக் கூடாதுங்க" என்றாள்.

"கண்ணு, என்ற வண்டியில போற மாங்காய்க்குத் தூக்கமே கலையாது."

அப்படிச் சொன்ன வாயோடு விசையாக ஓட்டினேன். சீக்கிரம் கொண்டுசேர்ப்பதுதான் சரக்குக்கு நல்லது என்பது என் அனுபவம். கோவிந்தாபுரம் தாண்டி ரோட்டில் குழி அதிகம். ஒவ்வொரு குழிக்கும் பின்னால் பெட்டிகள் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தன. அதற்கெல்லாம் பிறகு கணக்குத் தீர்க்க வேண்டிவரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கொச்சியிலிருந்து வேறு வண்டி வர மத்தியானம் ஆகும் என்றார்கள். பெட்டிகளை என் கொட்டகையில் நிழலில் இறக்கி வைத்தோம். பிள்ளை தூங்காமல் கண் சிவந்து நின்றாள். என் வீட்டம்மா சரோஜா அவளைப் பிடித்துக் குளிக்க வைத்து, சோறு போட்டு, படுக்கச் சொல்லிவிட்டாள். படுக்கப் போகும்போது கலைவாணி என்னிடம் வந்தாள்.

"பெட்டியத் தொறக்க வேண்டாமுங்கப்பா. இந்தச் சின்ன மோட்டாருதான் அதுகளுக்குக் காத்துக் குடுக்குது. அது நிக்காமப் பாத்துக்கிட்டாப் போதும்."

"நீ போய்த் தூங்கு கண்ணு. டெல்லிக்கே சரக்கனுப்பறவன்கிட்டச் சொல்றியா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாங்காய் வியாபாரியைச் சும்மா உட்கார வைப்பது மகாபாவம். ஒரே ஒரு மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர் வெளேரென்று கலங்கியிருந்தது. முள்ளெலிகளின் உச்சியிலிருந்து பால் கசிந்து, நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பெட்டியிலும் பால். அதற்கடுத்ததில் மஞ்சளாக வேறு என்னவோ. மற்றவனாக இருந்தால் மகளை எழுப்பியிருப்பான். நான் நிபுணன்.

"மணியா! ஓடி வாடா, பால் வடியுது!" என்று கத்தினேன்.

மணியன் என் கொட்டகை மேஸ்திரி. பால் என்ற வார்த்தை காதில் விழுந்தால் உறக்கத்திலும் எழுந்து ஓடிவருவான். வந்து பெட்டிக்குள் பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, இது ஆடுதுங்களே?"

"உசுருள்ளதுடா. அதனாலதான் சீக்கிரம் பண்ணோணும். தோலு கருகிப்போச்சுன்னா எம்பட புள்ள படிப்பே போச்சு."

"காம்பு எந்தப் பக்கமுங்க?"

நியாயமான கேள்வி. ஒன்றைக் கோணிச்சாக்கு சுற்றிய கையால் தூக்கிப் புரட்டிப் பார்த்தேன். அடியில் ஐந்து பல்லோடு ஒரு வாய். உச்சியில்தான் பால். "பாலு வர்ற பக்கந்தாண்டா காம்பு. கவுத்து வெய்யி" என்றேன். இந்த இடத்தில் என் அறிவை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கொட்டகைப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாங்காய் வைக்கும் கம்பித்தட்டுகளில் கடல் முள்ளெலிகள் வரிசையாகத் தலைகீழாக உட்கார்ந்தன. பால் சொட்டுச் சொட்டாக வடிந்தது. பார்க்கவே மனம் குளிர்ந்தது. வீட்டு வாசலிலிருந்து சரோஜா கூப்பிட்டாள்.

"ஏனுங்க, தொட வேண்டாம்னு சொல்லிப்போட்டுத்தான போனா?"

"நீ ரசத்தப் பாரு. தொழில் தெரியாதவங்க பேச வேண்டாம்."

பிறகு ஓஸைத் திறந்து, எங்கள் போர்த் தண்ணீரால் ஒவ்வொன்றையும் முள் முள்ளாகக் கழுவினோம். அந்த நாற்றம் பிடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் கீழே கொட்டி, பெட்டிகளில் புதுத் தண்ணீர் நிரப்பினோம். கடைசிப் பெட்டி ஒன்றுதான் திறக்காமல் பாக்கி இருந்தது; அதற்கு வருவதற்குள் மணியன் கையில் சுற்றிய சாக்கு நழுவி, முள் ஏறிவிட்டது.

"ஐயோ, குத்திப்போட்டுதுங்கோ! விசமுங்கோ! என்ற பொண்டாட்டிக்குப் போன் போடுங்கோ!"

மணியன் தரையில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டு தன் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மஞ்சள் எடுக்க ஓடினார்கள். வேலை நின்றது. அந்தச் சத்தத்தில் கலைவாணி எழுந்து வந்துவிட்டாள்.

நான் ஓஸும் கையுமாக, முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டியபடி, அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

"பயப்படாத கண்ணு. சமயத்துல பாத்துட்டேன். ஒரு சொட்டுப் பாலு இல்லாம வடிச்சுக் கழுவியாச்சு."

அவள் தட்டுகளைப் பார்த்தாள். எப்போதும் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும் முள்ளெல்லாம் துவண்டு படுத்திருந்தது.

"எந்தத் தண்ணியிலீங்கப்பா?"

"நம்ம போர்த் தண்ணிதான். தேனாட்ட இருக்குமே!"

அவள் ஒரு மாங்காய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"கடலுக்குள்ளயே பொறந்து வளந்ததுங்கப்பா. நல்ல தண்ணி பட்டா உள்ள இருக்கற செல்லெல்லாம் ஊதி வெடிச்சிரும். அது பாலும் இல்லீங்க. வெள்ளையா வந்தது ஆணோட விந்து. மஞ்சளா வந்தது பொண்ணோட முட்டை. வண்டி குலுங்குனதுல ஒண்ணு விட்டிருக்குது, அதப் பாத்து எல்லாம் விட்டிருக்குது. அந்த முட்டைக்குத்தானுங்க நான் ராமேஸ்வரம் வரைக்கும் போனேன்."

மணியன் வலியை மறந்து, தன் இரண்டு கைகளையும் வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

"டெல்லிக்கு அனுப்பறவரு" என்றாள் சரோஜா. அந்த இரண்டு வார்த்தைக்கு நான் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் கலைவாணி அந்தக் கடைசிப் பெட்டியைப் பார்த்தாள். திறந்தாள். கடல்தண்ணீர் தெளிவாக இருந்தது. உள்ளே நான்கைந்து முள்ளெலிகள் முள்ளை ஆட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தன. அவை இன்னும் எதையும் விடவில்லை.

"இத இப்பவே கொண்டுபோகோணுமுங்க" என்று எழுந்தாள்.

கொச்சி வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. மறுபடியும் என் பிக்கப். இந்தத் தடவை அவள் முன் சீட்டில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓட்டினேன். ஓட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வண்டியைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனேன். வடக்கஞ்சேரி வருவதற்குள் எனக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. சைக்கிளில் போன ஒரு பெரியவர் என்னை முந்தினார். முந்தும்போது நிதானமாக, "வண்டிக்கு என்ன சுகமில்லையோ?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"ரெண்டு வார்த்த திட்டிரு கண்ணு" என்றேன் மகளிடம்.

"ரோட்டப் பாருங்கப்பா."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "இத்தன போதுமா?"

"ஒரு பொண்ணு இருந்தாப் போதுமுங்க. ஒண்ணே லட்சக்கணக்குல முட்டை விடும்."

"இருக்குதா?"

"வெளிய பாத்தா ஆணா பொண்ணான்னு தெரியாதுங்கப்பா. எல்லாமே ஆணா இருந்தா, அவ்வளவுதான்."

கலைவாணி பிறப்பதற்கு முன்னால் என் சொந்தபந்தம் முழுக்க ஆண்பிள்ளை வேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டது. அவர்களோடு நானும் கையெடுத்துக் கும்பிட்டு நின்றவன்தான். அன்றைக்கு முதலமடையிலிருந்து கொச்சி வரைக்கும் வழியில் தென்பட்ட அத்தனை கோயிலுக்கும், இரண்டு மாதா கோயிலுக்கும், ஒரு பள்ளிவாசலுக்கும், "பொண்ணாக் குடு சாமி" என்று வேண்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். பக்கத்தில் என் பெண் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். என் வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலையும் முள்ளையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்.

கலைவாணி ஒரு முள்ளெலிக்கு ஊசியில் ஏதோ உப்புத் தண்ணீர் ஏற்றினாள். பிறகு அதைத் தூக்கி, கடல்தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையின் வாயில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். "டீச்சர்! இதத்தான நானும் பண்ணுனேன்!"

கலைவாணி நடந்ததை டீச்சருக்கு மலையாளத்தில் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தலைகீழாய் வெச்சது சரியாணல்லோ! பட்சே, வெள்ளம்..." என்று மறுபடி சிரித்தார். பட்சே என்றால் ஆனால், வெள்ளம் என்றால் தண்ணீர். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

சிரிப்பு அடங்கியபோது முதல் குவளையில் வெள்ளை இறங்கியது. ஆண். இரண்டாவது முள்ளெலி. வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. கலைவாணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்காவதைக் கவிழ்த்தாள். வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு என் மகள் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, பாருங்க."

குவளைக்குள் மஞ்சளாக, பொடி தூவியதுபோல, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து நின்று அந்த முள்ளெலியை இரண்டு கையாலும் கும்பிட்டேன். டீச்சரும் கும்பிட்டார்.

அந்த முட்டைகளோடு ஆணின் விந்தில் ஒரு துளி கலந்து, கலைவாணி தன் பரிசோதனையை ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. வெளிச்சத்துக்குள் கண்ணாடிக் குண்டு போல ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் யாரோ கயிறு கட்டி இறுக்குவதுபோல ஓர் இடுப்பு விழுந்தது. இறுகியது, இன்னும் இறுகியது. ஒன்று இரண்டாகிவிட்டது.

"யாரு கண்ணு வெட்டறது?"

"யாருமில்லீங்கப்பா. அதுவாப் பிரியுது. நீங்களும் நானும் இப்படித்தான் ஆரம்பிச்சோமுங்க."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் காலேஜ் வரை போனவர்கள்கூடப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து மைக்ராஸ்கோப் நனைந்ததும், "அப்பா, அதிலயும் தண்ணியா?" என்று மகள் என்னைப் பிடித்து இழுத்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

டீச்சர் ரிட்டயர் ஆவதற்குள் பட்டம் கிடைத்துவிட்டது. கலைவாணி வெளிநாட்டில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது கொச்சியில் மீன் செல்களுக்கென்றே தனி லேப் நடத்துகிறாள். அவளிடம் படிக்கும் பிள்ளைகள், முள்ளெலியைக் குவளையில் கவிழ்ப்பதற்கு "மாங்கா வைக்கறது" என்றுதான் சொல்கிறார்களாம். இங்கே எங்கள் வீட்டில் நான் யாருக்காவது யோசனை சொல்ல வாயைத் திறந்தால் போதும், சரோஜா உள்ளேயிருந்து, "மணியா, ஓஸைக் கழட்டி வெய்யி!" என்பாள். பேரக்குழந்தைகளும் இப்போது அதைக் கற்றுக்கொண்டுவிட்டன.

போன மாதம் லேபுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு மாணவி வந்து வணங்கி, "அப்பூப்பா, உள்ளே வாங்க" என்றாள். (அப்பூப்பா என்றால் தாத்தா.) என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மட்டும் மரியாதையாக வாங்கி வெளியே மேஜையில் வைத்துவிட்டாள். என்னோடு வந்திருந்த எலப்புள்ளி ஊர் மச்சானும் பாட்டில் வைத்திருந்தார். அவரை அவள் கண்டுகொள்ளவே இல்லை. கலைவாணியிடம் கேட்டேன். என் கையில் தண்ணீர் இருந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது லேபின் சட்டமாம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்களாம்.

திரும்பி வரும்போது மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. இருக்காதா பின்னே? டெல்லி வரைக்கும் மாங்காய் அனுப்புகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு விஞ்ஞான ஆராய்ச்சிக்கூடத்தில் தன் ஒருத்தனுக்காகவே சட்டம் போட வைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.